கழுவிப் போட்ட சிடி

1. கருவாட்டு வாசனையோடு வந்த கேசட்

பழவேற்காடு பஜாரில் ஒரு வீடியோ கடையில், கேசட் ஓட்டும் டெக்குகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. ஹெட் தேய்ந்த டெக்கைக்கூட ஓட வைத்துவிடுவேன். அதனால் சிடி பிளேயர் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, இதையெல்லாம் எவன் வாங்குவான் என்று முதலாளியோடு தினமும் சண்டை.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் சின்ன கேசட், பெரிய கேசட் என்று இரண்டு இருந்தனவாம். சின்னதில்தான் படம் சுத்தம். ஆனால் கல்யாண வீடியோக்காரர்கள் பெரியதில் கொடுத்தார்கள், ஊரே பெரியதன் பின்னால் போய்விட்டது என்றார். என் மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தார். கருவாடு விற்பவர். மகள் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் கணவர் போய்விட்டார். அந்த மனிதர் நடந்து, பேசி, சிரித்ததெல்லாம் அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது.

மழைக்கு அதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. குப்பத்தில் எது நனைந்தாலும் வெயிலில் போடுவார்கள். இவரும் மூடியைத் திறந்து, மணலில் காயும் மீனுக்கு நடுவில் இரண்டு நாள் வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். கேசட் என்ன கருவாடா என்று கத்தினேன்.

அஞ்சலை அசையவில்லை. “கத்துறத அப்பால கத்துண்ணே. அவரு அதுல கீறாரா இல்லியா, அத சொல்லு.”

கேசட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

2. நாலு நிமிஷம்

பிரித்துப் பார்த்தால் டேப் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, கையாலேயே சுற்றி வேறு கேசட்டின் கூட்டுக்கு மாற்றினேன். ஒரு தடவைக்கு மேல் ஓடாது என்று தெரிந்துவிட்டது. ஓடும் அந்த ஒரு தடவையில் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியாகப் போட்டுவிடு என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

முதலில் வெறும் கோடு. பிறகு பந்தல் தெரிந்தது. தோளில் துண்டு போட்ட ஒருவர் மருமகனுக்குப் பாயசம் ஊட்டிவிட்டு, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். அஞ்சலை சொன்ன அடையாளமெல்லாம் பொருந்தியது. நாலு நிமிஷம் ஓடி டேப் அறுந்தது.

சிடி ஒன்றுதான் போட்டோம். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று, அடுத்த கல்யாணத்தை ஏற்ற அன்றைக்கே அதில் இருந்ததை அழித்தும் விட்டோம். எங்கள் மடத்தனம்.

3. குழாயடியில்

சிடியையும் கடை பிளேயரையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். தெருவே அஞ்சலை வீட்டில் கூடிவிட்டது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சலை அந்தக் கையோடே வந்து சிடியை வாங்கி, கணவர் முகம் எங்கேயாவது தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். அப்புறம்தான் என்னிடம் கொடுத்தார். பிளேயரில் போட்டேன். ‘நோ டிஸ்க்’ என்று வந்தது. வெளியே எடுத்தால் பளபளக்கும் பக்கம் முழுக்க செதிலும் பிசுக்கும்.

இருந்த நாலு நிமிஷமும் போச்சு.

அஞ்சலை அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். தட்டைக் கழுவுவது போலக் கழுவினார். முந்தானையால் வட்டமாகத் துடைத்தார். எங்கள் தொழிலில் டேப்பில் தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பிளேயரில் போட்டேன்.

வந்துவிட்டார் மனிதர்! அதே துண்டு, அதே பாயசம், அதே வெட்கம். இத்தனை நாள் நான் திட்டிய சாமானைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அழுது முடித்த பெண்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நிஜமாகவே இதைக் கழுவலாமா என்பதுதான். படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அஞ்சலை இன்னொன்று கேட்டார். தெருவில் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை சிடி வேண்டுமாம். எதற்கு என்றேன்.

“என் வூட்ல மட்டும் இருந்தா ஒரு நாள் உப்பு தின்னுடும். எல்லார் வூட்லயும் கீறாருன்னா எங்க போயிடுவாரு?”

ஒரு சிடியிலிருந்து அடுத்த சிடி என்று காப்பி போட்டுக் கொடுத்தோம். பிளேயர் இல்லாத வீடுகளும் சிடியை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டன. பிளேயர்கள் பின்னாலேயே வந்தன. அடுத்த மழைக்குள் குப்பத்தில் டெக் ஓடும் வீடு ஒன்றுகூட இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எந்தச் சாமான் ஜெயிக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். படம் எவ்வளவு சுத்தம் என்று நாம் பார்ப்போம், அதில் யார் இருக்கிறார் என்று ஜனங்கள் பார்ப்பார்கள் என்று சொல்வேன். டேப்பில் காப்பிக்குக் காப்பி எடுத்தால் பத்தாவது காப்பியில் ஆள் வெறும் நிழல்தான். சிடிகளைக் கொடுத்த அன்று, கடைசிக் காப்பியான தெருக்கோடி வீட்டு சிடியைப் போட்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் அஞ்சலை வீட்டில் எப்படிச் சிரித்தாரோ, அங்கேயும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.