அழாதவளுக்கு ஓபி கிடையாது

1. வல்லம் வடகால் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து, மெஷினில் கை நசுங்கிய ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்த நர்ஸ் நான்.

2. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

3. அடுத்த வாரம், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. அந்த பீப் சத்தத்தை வார்டு மானிட்டர் என்று நினைத்து எழுந்தேன். தலை கம்பியில் இடித்தது.

4. அதிலிருந்து தூக்கம் இல்லை. லீவு நாளில் அறையில் உட்கார முடியாமல், துவைத்துக் காய்ந்த யூனிஃபார்மை மறுபடி துவைத்தேன்.

5. அவசரப் பிரிவிலிருந்து ஓபிக்கு, அதாவது புறநோயாளிகள் பிரிவுக்கு, மாற்றல் கேட்பது என்று முடிவுசெய்தேன்.

ஓபியில் பகல் வேலை மட்டும்தான். ரத்தம் பார்ப்பது குறைவு. எங்கள் மருத்துவமனையில் அங்கே போவதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம் முன்னால் அழ வேண்டும். என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி, அப்படித்தான் போனாள்.

"ஏட்டி, உள்ள போனதும் பேசாத. மொதல்ல மூக்க உறிஞ்சு. பொறவு 'முடியல மேடம்'னு மட்டும் சொல்லு. வெளக்கஞ் சொன்னன்னா காரியம் கெட்டுது."

"அழுகை வரலன்னா?"

"வீட்டு நாய் செத்தத நெனச்சுக்க."

"எங்க வீட்ல நாயே இல்ல."

"அப்பம் அதுக்கு அழு."

மேடம் அறையில் நின்றேன். கண் எரிந்தது, ஈரம் வரவில்லை. ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றி ஒப்படைப்பது போல, தூக்கம், சத்தம், மறுபடி துவைத்த யூனிஃபார்ம் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாமா, கேஸ் ஷீட் படிக்கிற மாதிரி சொல்ற? முடியாதவ இப்பிடியா பேசுவா?"

"முடியலன்னுதான் மேடம் சொல்றேன்."

"அங்க பதறாம நிக்கிறது நீ ஒருத்திதான். உன்னையும் எடுத்துட்டா நான் யார வெச்சு ஓட்றது? புதுசா ரெண்டு பொண்ணுங்க வருதுங்க. நீயே கத்துக் குடு."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் பழகியிருந்தது.

வெளியே வந்து வராந்தாவின் கோடி வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். எக்ஸ்ரே எங்கே என்று ஒரு அம்மா கேட்டார். நின்று வழி சொன்னேன். பிறகு மறுபடி நடந்தேன். ஓபி வாசலில் தோழி எட்டிப் பார்த்தாள்.

"அழுதியா?"

"வரிசையா சொன்னேன்."

"வெளங்கும்!"

பதறாமல் நிற்பது என் வேலை. அது வேலை நேரத்துக்குத்தான் போதுமானதாக இருக்கிறது; மீதி நேரத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. இதை மேடமிடம் எந்த வரிசையில் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

இன்றைய நிலவரம்: அவசரப் பிரிவில்தான் இருக்கிறேன். புதிதாக வந்த இருவரில் ஒருத்தி அழுது ஓபிக்குப் போய்விட்டாள். அவளுடைய ஷிஃப்டையும் நான்தான் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை.