விட்பிக்குப் போன இடியப்பம்

டொராண்டோவின் கிழக்குப் பக்கத்துப் பொருளாதாரத்தை மூன்று ஊர்களாகப் பிரித்து ஆராய்ச்சி செய்தவன் நான். பொய். இடியப்பப் பார்சல் கொண்டு திரிந்தவன். ஆராய்ச்சி செய்யச் சொன்னதும் நானில்லை, முதலாளி அண்ணை.

மோர்னிங்சைட்டில் எங்கள் சாப்பாட்டுக் கடை. அங்கிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், பிக்கரிங்குக்கும், விட்பிக்கும் கடையின் வான் வண்டியில் பார்சல் கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் அண்ணை கூப்பிட்டார்.

"உந்த மூண்டு இடத்திலையும் எங்கை வேலை கெதியாய் முடியுது எண்டு ஒரு கிழமை பாத்து எழுதிக்கொண்டு வா. ஆகப் பிந்துற இடத்தை வெட்டப்போறன்."

ஆகத் தூரத்திலுள்ள விட்பியை வெட்டினால் என் ஓட்டம் பாதியாகிவிடும். மிச்ச நேரம் குசினியில் சமையல்கார அன்ரியோடு நின்று இடியப்பம் பிழிய வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கவே அழுகிற கைகள் என்னுடையவை. ஆகவே விட்பி வெல்ல வேண்டும்.

வென்றது. விட்பியில் பகலில் ஒரு வீட்டிலும் ஆளில்லை, எல்லோரும் ரயிலேறி வேலைக்குப் போய்விடுவார்கள். பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்தால் ஒரு நிமிடம். அவர்கள் வரும்போது அது கல்லாகியிருக்கும் என்பது என் ஆராய்ச்சிக்குள் அடங்காது. பிக்கரிங்கில் வீடெல்லாம் ஒரே அச்சு. பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப ஓடிப்போய் எடுக்க வேண்டும். மோர்னிங்சைட்தான் நாசம். கதவைத் தட்டினால் தேத்தண்ணி. வேண்டாமென்றால், "சீனி வருத்தமோ தம்பி?" ஓமென்றால், பாகற்காய்ச் சாறு பற்றி அரை மணித்தியாலம்.

என் தாளை வாசித்த அண்ணை, "நானும் வாறன்" என்று வானில் ஏறிவிட்டார்.

மோர்னிங்சைட்டில் முதலாளியே வந்திருக்கிறார் என்று தேத்தண்ணியோடு வடையும் வந்தது. நாலு வீட்டில் நாலு கோப்பை. நான் உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு ஹைவேயில் ஏறினோம். முன்னால் எங்கோ விபத்து. வான் நின்றுவிட்டது. அண்ணை கால்மேல் கால் போட்டார். கொஞ்ச நேரத்தில் காலை மாற்றிப் போட்டார்.

"டேய், உன்ரை தாளிலை இந்த ரோட்டுக்கு எத்தினை நிமிசம்?"

"வானாலை இறங்கினாப் பிறகுதான் அண்ணை நான் மணி பாத்தனான்."

"வானுக்குள்ளை இருக்கிற நேரம்?"

"அது வேலையில்லையே அண்ணை. சும்மா இருக்கிறதுதானே."

அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டார். கோபத்தில் என்று நினைத்தேன். அது நாலு கோப்பை தேத்தண்ணியின் அவசரம் என்பது விட்பிக்குள் நுழைந்தபோதுதான் விளங்கியது. வான் நிற்கமுன்னரே குதித்து, முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆளில்லை. இரண்டாவது. ஆளில்லை.

"ஒருத்தரும் இல்லையோடா இந்த ஊரிலை?"

"நான் எழுதித் தந்தனான்தானே அண்ணை!"

மூன்றாவது வீட்டு வாசலில் அவர் ஒற்றைக் காலில் நிற்க, உள்ளே யாரோ இருமுகிற சத்தம்...

"தம்பீ! கதை எழுதினது போதும், மா ஆறுது!" கடைக் குசினிக்குள்ளிருந்து அன்ரி கத்துகிறா. "பிழிய வாறியோ, நான் அண்ணையைக் கூப்பிடட்டோ?"

"ஐயோ வேண்டாம் அன்ரி, வாறன்!"