பாதாள ராஜ்யத்துக்கு நான் போட்ட சட்டம்

மாயக்கதை எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நடப்பதை எழுதினால் நாலு பேர் குறை சொல்வார்கள். நடக்காததை எழுதினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? கோலார் தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். வேலூர்ப் பக்கம் மிஷன் பள்ளியில் படித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

முதலில் எழுதியதில் இல்லாத அதிசயம் இல்லை. பறக்கும் கட்டில், பேசும் பல்லி, நினைத்ததையெல்லாம் தரும் மோதிரம், பூமிக்கடியில் ரத்தினம் பதித்த ஒரு ராஜ்யம், அதைக் காவல் காக்கும் ஒரு பாம்பு. கல் இடிக்கும் மில்லில் வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்ததும் வாசித்துக் காட்டுவேன். மூன்றாவது பக்கத்தில் குறட்டை வந்துவிடும். ஒருநாள் தூங்காமல் கேட்டார்.

"இன்னாம்மே, அந்த மோதரம்தான் எல்லாத்தையும் குடுக்குதே, அப்புறம் அந்த ராஜகுமாரன் ஏன் காட்டுல கெடந்து கஷ்டப்படறான்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கோபம் ஆறியதும் மோதிரத்தைக் கதையிலிருந்து தூக்கி எறிந்தேன். எல்லாமே முடியும் என்றால் படிக்கிறவர்கள் யாருக்காகப் பயப்படுவார்கள்? என் பாதாள ராஜ்யத்துக்கு ஒரு சட்டம் போட்டேன். அங்கே இறங்கியவன் மேலே திரும்ப முடியாது. அதை எழுதிய அன்றுதான் கதை எழுந்து உட்கார்ந்தது.

எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு சொல்வார்கள். ஆகவே என் கதையைப் பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்சாதியும் கேட்டார்கள். என்னைவிடச் சின்னவர்கள். அவன் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவன். "அக்கா, அந்தப் பாம்ப மட்டும் சாவடிச்சிடாத" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். அவனுக்காகவே அந்தப் பாம்பை உயிரோடு விட்டு வைத்தேன்.

ஒருநாள் உள்ளே பாறை சரிந்தது. அவன் மேலே வரவில்லை. உடலையும் எடுக்க முடியாமல் அந்த ஆழத்துப் பாதையையே, அந்த லெவலையே அடைத்துவிட்டார்கள்.

அவன் பெண்சாதி அழவில்லை. சாயங்காலம் ஷிப்டு சங்கு ஊதியதும் கம்பளியை எடுத்துக்கொண்டு சுரங்க வாய்க்கு, ஷாஃப்டுக்குப் போனாள். சுரங்கத்துக்குள்ளே கொதிக்கும், வெளியே எங்கள் ஊர்க் காற்று எலும்பைத் துளைக்கும். வேர்வையோடு, மேலே தூக்கிவரும் கூண்டிலிருந்து இறங்குகிற ஆண்களைப் போர்த்திக் கூட்டிவர வீட்டுப் பெண்கள் கம்பளியோடு நிற்பது வழக்கம். அவளும் நின்றாள். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டு, கம்பளியை மடித்துக்கொண்டு திரும்பினாள். தினமும் அப்படியே.

ஊருக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வந்திருந்தான். அவனே களி கிண்டி வைப்பான், அவள் தொடமாட்டாள். "அவரு வந்து பாத்தா நான் இல்லன்னா?" என்பாள். கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் இவளும் போய்விடுவாள் என்று லைன் முழுக்கப் பயந்தது. நான் சத்தமாக வாசிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். எந்த வாயால் பாதாளத்தைப் பற்றி வாசிப்பது?

அவளேதான் ஒரு மத்தியானம் கேட்டாள். "அக்கா, கதை இன்னா ஆச்சி? கீழ போனவன் வந்துட்டானா?"

"நாளைக்குப் படிக்கிறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"கதையில அவன மேல கொண்டாந்துடாத. அப்புறம் அவ ஆயுசுக்கும் அங்கயே நிப்பா" என்றார் அன்று ராத்திரி என் வீட்டுக்காரர்.

"அப்போ வரவே மாட்டான்னு அவ மூஞ்சிக்கு நேரா படிக்கச் சொல்றீங்களா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சட்டத்தை உடைக்க ஒரு வரி போதும். கதவு திறந்தது, வந்துவிட்டான். ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் நம்பிவிடுவாள். மாயக்கதையில் எதையும் எழுதலாம் என்று நினைத்தவளுக்கு, அன்று எந்தப் பக்கமும் கை ஓடவில்லை. மறுநாள் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் ஒரு சின்னச் சந்து வைத்தேன். போனவன் திரும்ப முடியாது. ஒரே ஒரு முறை குரலை மட்டும் மேலே அனுப்பலாம்.

என்ன சொல்லி அனுப்புவான்? என் ராஜகுமாரனைக் கேட்டால் வசனம் பேசினான். அவனைத் தள்ளிவிட்டு, பாம்புக்காகப் பரிந்து பேசிய அந்தப் பையனை நினைத்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன்.

சங்கு ஊதுவதற்கு முன்னால் தட்டியை ஒட்டி உட்கார்ந்து வாசித்தேன். குகை வாசலில் அவன் மனைவி கம்பளியோடு நிற்கிறாள். கீழேயிருந்து அவன் கூப்பிடுகிறான். "என்னால வர முடியல. காத்து ஜில்லுனு அடிக்குது பாரு. அந்தக் கம்பளிய நீ போத்திக்கினு ஊட்டுக்குப் போ."

கெடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே தாளை மடித்தேன். பிறகு தட்டிக்கு மிக அருகில் அவள் குரல் வந்தது.

"அக்கா, அத அவனே சொன்னானா, இல்ல நீயா எழுதுனியா?"

பொய் சொல்வது பாவம் என்று மிஷன் பள்ளியில் எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "அவனேதாம்மா சொன்னான்" என்றேன். அது பொய் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

சங்கு ஊதியது. அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. விம்மல்தான் கேட்டது, முதலில் மெல்ல, பிறகு வாய்விட்டு. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது ஓய வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள். "அண்ணா, களி இருக்குதா?"