சிதறால் வரைக்கும் அவன் பின்னால்

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: நாடகப் படுதாவில் படம் எழுதித் தரும் எங்கள் ஆசான். படுதா கேட்டு வந்த நாடகக்காரர். சாயத்தில் சேர்க்க வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அக்கா. அவன். நான்.

குமரி தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. கொட்டகை குழித்துறையில், ஆற்றோரம். ஆசானுக்குக் கண் மங்கி வந்தது. காட்டுப் படுதாவை எங்கள் இருவரில் ஒருவன் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். நாடகத்தில் பாதி நேரம் தொங்குவது அதுதான். அதை எழுதுகிறவன்தான் இனி கொட்டகையில் தலைவேலைக்காரன். ஆளுக்கு ஒரு துண்டுத் துணியில் காடு எழுதிக் காட்ட வேண்டும். ஒரு மாதம் தவணை.

நான் பதினொரு வருடமாக அங்கே வேலை செய்கிறேன். அவன் வந்து நாலு வருடம்தான். இரண்டு பேருக்கும் ஒரே சிரட்டையில் சாயம். என் பச்சை வெறும் பச்சையாக இருக்கும். அவன் பச்சை மழை விட்ட மாதிரி இருக்கும். தரையில் துணியை விரித்து நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிற வேலை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், படுத்தால் உறக்கம் வராது. அவன் சாயங்காலம் காலையில் வந்த மாதிரியே நிமிர்ந்து போவான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவன் தினமும் விடியும் முன்பே சிதறால் மலைக்கு நடந்து போய்விட்டுத்தான் வேலைக்கு வருவான். அங்கே ஏதோ இலையோ மண்ணோ எடுத்துச் சாயத்தில் கலக்குகிறான் என்று நினைத்தேன். பின்னால் போனேன். அவன் எடுப்பதை நானும் எடுக்க ஒரு பை வைத்திருந்தேன்.

அவன் ஒன்றும் எடுக்கவில்லை. நடந்தான். ஒரு மரத்தைச் சுற்றி வந்தான். பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். திரும்பினான்.

அப்படியானால் விஷயம் நடையில்தான் இருக்கிறது, எத்தனை அடி என்று தெரிந்தால் போதும் என்று முடிவு கட்டினேன். வைத்தியர் மருந்துக்கு அளவு சொல்வதில்லையா, அது போல. மறுநாள் முதல் எண்ணினேன். நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டை பைக்குள் போடுவேன். கணக்கு தவறக் கூடாது என்று தலையைத் தூக்கவில்லை.

ஒரு நாள் அவன் திரும்பி நின்றான்.

"பொறத்தால எதுக்குலே வாற? கூட வா மக்கா. பேசிக்கிட்டுப் போவலாம்."

பேசினால் கணக்கு போய்விடும். அப்போது நாற்பத்தாறாவது கொட்டை.

பத்து நாளில் இடுப்பு வலி விட்டது. உறக்கமும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குப் பெருமை.

தவணை முடிந்த அன்று இரண்டு துணியையும் கட்டித் தொங்கவிட்டோம். அவன் துணியில் ஒரு மரம்கூட நேராக நிற்கவில்லை. வேர் பாறையைக் கவ்விக் கிடந்தது. பாறையில் ஒரு பக்கம் மட்டும் பாசி. அந்தப் பாறையை நான் ஒரு மாதம் தாண்டிப் போயிருக்கிறேன். பாசி எனக்குத் தெரியாது. என் துணியில் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி.

நாடகக்காரர் என் துணியைப் பார்த்து, "இது தோப்பு," என்றார். பிறகு அவனுடையதைப் பார்த்தார். "இதுக்குள்ள ராசாவ அனுப்பலாம். வழி தவறிப் போவான்."

ஆசான் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அக்கா பசையைக் கிண்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீயும் அவனுக்க பொறத்தால மலைக்குப் போனியே, ஒண்ணும் கொண்டு வரல்லியா?"

பையை அவள் முன்னால் கவிழ்த்தேன். அன்று காலையில் போட்ட புளியங்கொட்டைகள்.

தொண்ணூற்று மூன்று.