என் கை படாத வரி

கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரையில் வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பூவாரில் சுற்றுலாப் படகு விடும் ஸ்டெல்லாக்காவின் தளமும் நான் செய்ததுதான். அதில் ஒரு வரி மாற்றவும் அவர் என்னைத்தான் கூப்பிட வேண்டும். மென்பொருள் என்னுடையது, பாஸ்வேர்டும் என்னிடம். வாடிக்கையாளரை விடாமல் பிடித்துவைக்க அதுதான் வழி என்று நம்பியிருந்தேன்.

ஒரு மழைநாளில் நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்தின் மணல்திட்டு உடைந்து, நீர் கடலுக்கு இழுக்க, படகுகளை நிறுத்திவிட்டார்கள். நான் தங்கையின் கல்யாணத்தில் போனை அணைத்து வைத்திருந்தேன். தளமோ 'இன்று சவாரி உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி மதுரையிலிருந்து வந்த குடும்பம் கைக்குழந்தையோடு படகுத்துறையில் நனைந்து நின்றதாம்.

மறுநாள் போனேன். அக்கா கத்தவில்லை.

"எலே மக்கா, படகு எனக்கதாக்கும். அது ஓடாதுன்னு சொல்ல உனக்க அனுமதி வேணுமா?"

அந்த வாரமே தளத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்கு மாற்றினேன். அதற்குக் கட்டணம் கிடையாது. என்னைப் பிடிக்காவிட்டால், அது தெரிந்த வேறு யாரையும் அவர் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை அவர் கையிலேயே கொடுத்து, தளத்தில் எழுதவும் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த பெருமழையில் பதறிப்போய்த் தளத்தைத் திறந்தேன். தமிழிலும் மலையாளத்திலும் அக்காவே எழுதியிருந்தார்: "பொழி உடைஞ்சாச்சு. இன்னைக்கு படகு இல்ல. நாளைக்கு போன்ல விளிச்சு கேட்டுட்டு வாருங்க."

அக்கா இன்னும் என் வாடிக்கையாளர்தான். உங்கள் வேலையில் சிறந்ததைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், நான் எழுதாத அந்த வரியைத்தான் காட்டுகிறேன்.