பொன்சோன் துறையில் உடைந்த போல்ட்டுகள்

டானாவோ படகுத் துறையில் டிக்யோவைத் தெரியாதவர்கள் இல்லை. மர லாஞ்சுகளில் எஞ்சின்காரனாகவே இருந்து தலை நரைத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "டீசல் எஞ்சினையே கட்டிக்கிட்ட ஆளு" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். "அது கத்தினாலும் காரணத்தோடதான் கத்தும்" என்று அவனும் சிரிப்பான்.

அந்தச் சமயம் அவன் வேலை பார்த்த லாஞ்சில் லாரியிலிருந்து கழற்றிப் பொருத்திய பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து வெளியே தள்ளும் வார்ப்பிரும்பு மேனிபோல்டை எஞ்சினோடு பிடித்துவைத்திருந்த போல்ட்டுகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. புது போல்ட்டுகளும், புகை கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட்டும் வாங்கி வைத்தாகிவிட்டது. ஆனால் பழசில் கை வைத்தால் கழன்று வராது, உடையும் என்று அவனுக்குத் தெரியும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

அந்த லாஞ்ச் போய்வருவது போரோ தீவுக்கு. ஒருநாள் பொன்சோன் தீவுப் படகு பழுதாகி நின்றுவிட, அதன் பயணிகளை இவர்கள் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஒரு தடவைதானே நோங்" என்றான் கேப்டன் செகுண்டினோ. அவன் இளையவன், டிக்யோவை அண்ணன் முறை வைத்து 'நோங்' என்றுதான் கூப்பிடுவான்.

டிக்யோ எஞ்சின் அறைக்குள் இறங்கினான். இளவயதில் அவன் பொன்சோனுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறான், பக்கத்துத் தெரு பன்யாவின் கல்யாணத்தன்று. விருந்தாளியாக அல்ல. அவளையும் அவள் வீட்டாரையும் அவளுடைய தையல் மெஷினையும் மாப்பிள்ளை ஊருக்குக் கொண்டுபோன படகில் எஞ்சின் பார்க்கும் ஆளாக. அவளிடம் சொல்ல நினைத்ததை முந்தின நாள் வரைக்கும் அவன் சொல்லவில்லை. அன்று கடல் நெடுகிலும் எஞ்சின் நின்றுபோகாதா என்று ஏங்கினான். நிற்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பராமரித்தது அவன்தானே.

இந்த முறை தீவின் தென்னைகள் கண்ணுக்குத் தெரிந்தபோது இரண்டு போல்ட்டுகள் பட்பட்டென்று அறுந்தன. எஞ்சின் அறை முழுக்கக் கரும்புகை. பயணிகள் இருமிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இறங்கினார்கள்.

"சாயங்காலம் ஆளுங்களை ஏத்திக்கிட்டுத் திரும்பணும். முடியுமா நோங்?"

"வெல்டிங் மெஷின் இருந்தா முடியும்."

"சந்தைக்குப் பின்னால ஒரு பட்டறை இருக்காம். ஒரு பொம்பளை நடத்துறாளாம்."

"ரூஃபோ பட்டறை" என்று டிக்யோ சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தான். பன்யாவின் புருஷன் ரூஃபோ இறந்ததும், அவளே வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் ஒட்டத் தொடங்கியதும் அவன் காதுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தன.

மெஷினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளே வந்தாள். தலையில் இறுகக் கட்டிய துணி, பொறி பட்டுப் பொத்தலான சட்டை.

"நல்லா நரைச்சுட்டியே டிக்."

"நீ?"

"நான் மூடி வெச்சிருக்கேன்" என்று தலைத்துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

மீதமிருந்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, தட்டித் தட்டித் திருகினார்கள். சில வந்தன. ஒன்று தலையைக் கழற்றிக் கையில் கொடுத்தது. மேனிபோல்டை இறக்கிப் பார்த்தபோது அறுந்தவற்றின் அடித்துண்டுகள் எஞ்சினுக்குள்ளேயே இறுகி நின்றன. பன்யா துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக வெல்டிங் ராடை இறக்கி ஒட்டினாள். சூடு ஆறும்வரை ஸ்பானர் போடக் கூடாது. அந்த நேரங்களில்தான் பேச்சு வந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரலையே."

"இந்தப் பக்கம் வர்ற படகுல வேலை அமையல, டாய்." பெண்களைப் பிரியமாகக் கூப்பிடும் அந்தச் சொல் பழைய பழக்கத்தில் வந்துவிட்டது.

"பொய் சொல்லாதே. பொன்சோன் படகுக்கு உன்னைக் கூப்பிட்டாங்க, நீ மாட்டேன்னுட்ட. ரூஃபோதான் வந்து சொன்னார். ஏன்னு அவருக்கு விளங்கவே இல்ல."

"அவருக்கு எதுவும் தெரியாதா?"

"நீ எங்கிட்டயே சொல்லல. அவருக்கு எப்படித் தெரியும்?"

டிக்யோ ஸ்பானரை மாட்டி வேகமாக இழுத்தான். நட் மட்டும் பிய்ந்து வந்தது.

"அவசரப்படாதே" என்றாள் அவள். "கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால. வரும்."

மறுபடி ஒட்டினாள். இந்த முறை அவன் மெழுகைத் தேய்த்து, அசைத்து அசைத்துத் திருப்பினான். கிறீச்சென்று ஒரு சத்தம். துண்டு சுழன்று வெளியே வந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள்போலக் கூவினார்கள். கடைசித் துண்டும் வந்தபிறகு ஓலைப் பொட்டலச் சோற்றையும் வறுத்த கருவாட்டையும் எஞ்சின் மூடியின் மேல் வைத்துச் சாப்பிட்டார்கள்.

புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கி, எஞ்சினைக் கிளப்பினான். புகை ஒரு இழைகூட உள்ளே வரவில்லை.

"அப்பவே வாயைத் திறந்திருக்கலாம் டிக்" என்றாள் பன்யா, கேபிளைச் சுருட்டியபடி. குரலில் கோபமில்லை.

"இப்போ கேட்டா? டானாவோவுக்கு வந்துடு, டாய்."

அவள் அவனையே பார்த்தாள். "ரூஃபோ நல்ல மனுஷன். அவரோட நான் கஷ்டப்படல. பட்டறை இங்க, அவர் கல்லறை இங்க. நான் எங்கேயும் வரல." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காபி போடுவேன். வந்தா குடிக்கலாம்."

மேலே செகுண்டினோ ஹாரன் அடித்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிக்யோ வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா பயணியாக, பழுது நீங்கிய பொன்சோன் படகில் உட்கார்ந்து போனான். பட்டறை பூட்டியிருந்தது. மகளின் பிரசவத்துக்காக செபு நகரத்துக்குப் போயிருக்கிறாள், எப்போது வருவாளோ தெரியாது என்றாள் பக்கத்துக் கடைக்காரி. பூட்டிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

ஊருக்கு வந்ததும் பொன்சோன் படகின் முதலாளியைத் தேடிப் போனான். எஞ்சின்காரன் இடம் காலியில்லை, வயதில் சின்னவன் ஒருவனுக்குக் கீழே உதவியாள் வேலைதான் உண்டு என்றார்கள். சரி என்றான். துறையில் சிரிக்காத ஆளில்லை. "எஞ்சினை விவாகரத்து பண்ணிட்டியா?" என்று கேட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது பன்யா திரும்பி வந்தாள். படகு பொன்சோனில் மதியம் கட்டிக் கிடக்கும் நேரத்தில் டிக்யோ சந்தைக்குப் பின்னால் நடப்பான். சில நாள் காபி இருக்கும், பேரனைப் பற்றிய பேச்சு இருக்கும். சில நாள் அவசர வேலை இருக்கும். அவள் முகமூடியைத் தூக்கவே மாட்டாள். அவன் வாசலில் மர ஸ்டூலில் உட்கார்ந்து, வெல்டிங் வெளிச்சத்தில் கண் கூசாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருப்பான். அவளைக் கூப்பிட வேண்டும்போல் இருக்கும். கூப்பிடமாட்டான். துறையில் ஹாரன் அடித்ததும் எழுந்து போவான்.