சம்பான்காரர் காலில் பந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் கால்பந்து லீக்கில் கடைசி டிவிஷன் என்று ஒன்று இருந்தது. அதிலும் கடைசி இடம் எங்களுக்கு. அலோன் துறையில் மூட்டை தூக்கும் தமிழர்களின் அணி. காலில் பூட்ஸ் கிடையாது, வாய் மட்டும் உண்டு. எனக்கு எல்லாரையும்விட வாய் அதிகம். அதனால்தான் என்னைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

அந்த வருஷக் கடைசி ஆட்டம் தாமுவே பேட்டை அணியுடன். ஜெயித்தால் லீக்கில் இருப்போம். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பழையபடி துறையில் மரக்கட்டை அடுக்குகளுக்கு நடுவே உதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, எங்களுக்குக் கோல் போடுகிற ஒரே ஆள் கல்யாணம் என்று ஊருக்குக் கப்பலேறிவிட்டான். எரிச்சல் தாங்கவில்லை எனக்கு. எங்கள் மேஸ்திரி, துறையில் சம்பான் படகு ஓட்டும் பர்மியர் ஒருவரைப் பிடித்து வந்தார்.

"சின்லோன்ல புலிப்பா இவரு," என்றார்.

சின்லோன் பர்மியர்களின் ஆட்டம். வட்டமாக நின்று, பிரம்புப் பந்தைக் காலாலும் முட்டியாலும் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜெயிப்பது தோற்பது ஒன்றுமில்லை. பந்து கீழே விழக்கூடாது, அவ்வளவுதான். அதில் புலியாக இருந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று முணுமுணுத்தேன்.

கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கோலுக்கு நேர் எதிரே சம்பான்காரருக்குப் பந்து கிடைத்தது. அடிக்க வேண்டியதுதானே? மனுஷன் முட்டியில் ஏற்றினார். குதிகாலில் தட்டினார். தோளில் வாங்கினார். தாமுவே ஆட்களும் பர்மியர்கள்தானே. தடுக்க வந்தவர்கள் சுற்றி நின்று தங்கள் பங்குக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய கோல்கீப்பரும் கம்பத்தை விட்டு வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். நடுவராக வந்த வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அடிய்யா, அடிச்சுத் தொலைய்யா" என்று கத்திக்கொண்டே மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினேன். நான் போய்ச் சேரவும் பந்து என்னிடம் வரவும் சரியாக இருந்தது. எதிரே காலிக் கோல். வட்டத்தில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். சம்பான்காரர் சிரித்துத் தலையாட்டினார்.

முட்டியால் மேலே தட்டினேன். அடுத்தவர் அழகாக வாங்கினார். விசில் ஊதிவிட்டார்கள். லீக் போயிற்று.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கோலு காலியாக் கெடந்துச்சேடா. ஒரே ஒரு உதை. ஏண்டா உதைக்கல?"

"உதைச்சா பந்து கீழ விழுந்துருக்குமே, மேஸ்திரி," என்றேன்.